பனையோலைத் திருவருகை வளையமும் செபப் புத்தகமும்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலத்தில் வீட்டில் செபிக்க, நவம்பர் கடைசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கோவில் வாசல்களில் விற்பனைக்கு வரும் தொகுப்பு இது. பனையோலையில் பின்னிய வளையம் ஒன்று, மெழுகுதிரி நான்கு (ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிறுக்கு இளஞ்சிவப்பு ஒன்று), சின்னச் செபப் புத்தகம் ஒன்று. மூன்றும் ஒரே பையில். வளையம் அருமை. திரிகள் சுமார். புத்தகம் சில பக்கங்களில் மனதைத் தொடுகிறது, சில பக்கங்களில் எரிச்சலூட்டுகிறது.

வளையம் ஓரடி அகலம். உள்ளே கம்பி, மேலே இரட்டைப் பின்னல். பிளாஸ்டிக் இலை ஒட்டிய கடை வளையங்களை விட நூறு மடங்கு மேல். ஊசியிலை இல்லையே என்று யாரும் குறைப்படத் தேவையில்லை. 1839இல் ஹம்பேர்க்கில் யோகான் ஹின்றிச் விஹர்ன் என்ற போதகர் தன் இல்லத்துப் பிள்ளைகளுக்காக முதலில் எடுத்தது ஒரு வண்டிச் சக்கரத்தைத்தான்; பச்சை இலை பின்னால் வந்து சேர்ந்தது. வன்னியில் பனையோலை பொருத்தமே. ஆனால் மார்கழி மழை ஈரத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். இரவில் செபம் முடிந்ததும் மூடிய அலுமாரிக்குள் வைக்காமல் காற்றாட விடுங்கள். வெயில் காட்டும் நாளில் அரை மணித்தியாலம் முற்றத்தில் வையுங்கள். சாயமிட்ட ஓலை என்றால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, சாயம் இறங்கும்.

குறை இருப்பது திரி நிற்கும் தகரக் குவளைகளில். திரியை விடக் குவளை அகலம். அதனால் திரி சாய்கிறது, சாய்ந்த பக்கம் மெழுகு ஓலையில் வடிகிறது, வடிந்த இடத்தில் தீ பிடித்தால் லேசில் அணையாது. குவளைக்குள் நாலைந்து சொட்டு மெழுகை உருக்கி ஊற்றி, அது இறுகுமுன் திரியை நிமிர்த்தி நிறுத்தினால் சரி. வளையத்தை எவர்சில்வர் தட்டத்தில் மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். திரிநூலைக் கால் அங்குலத்துக்கு நறுக்காவிட்டால் புகை கக்கும்.

திரிக் கணக்கைத் தயாரித்தவர்கள் போட்டுப் பார்க்கவில்லை போலும். 2026இல் திருவருகைக்காலம் நவம்பர் 29 ஞாயிறு தொடங்குகிறது. டிசம்பர் 24 வரை 26 இரவுகள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு திரி கூடும்; ஆகவே முதல் திரி 26 இரவும் எரிய வேண்டும், இரண்டாவது 19, மூன்றாவது 12, நான்காவது ஐந்தே இரவு. புத்தகம் சொல்வது ஓர் இரவுக்கு 15 நிமிடம். அப்படியானால் முதல் திரிக்கு மட்டும் ஆறரை மணித்தியாலம் தேவை. இந்தத் தடிப்புள்ள திரி மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரையும்; தந்திருப்பதோ ஆறு அங்குலம். அதிலும் அடி இரண்டு அங்குலத்தை எரிக்கக் கூடாது, சுவாலை ஓலைக்குக் கிட்ட வந்துவிடும். மிஞ்சுவது நான்கு மணித்தியாலம். டிசம்பர் 14 இரவோடு, அதாவது இளஞ்சிவப்புத் திரி ஏற்றிய மறுநாளே, முதல் திரி தீரும். ஒன்பது நிமிடத்தோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் ஊதாத் திரி ஒன்று மேலதிகமாகக் கேட்டு வாங்குங்கள். நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் ஊதா ரிபன் கட்டினாலும் போதும். இது பூசைச் சட்டம் அல்ல, வீட்டுப் பக்தி முயற்சி.

மழை விட்ட மாலைகளில் ஈசல் மொய்த்து உருகிய மெழுகில் விழும். வெளி விறாந்தை மின்குமிழைச் சற்று நேரம் எரியவிட்டு, வீட்டுக்குள் இருட்டாக்கி, ஈசல் அடங்கிய பின் திரியை ஏற்றுங்கள்.

இனிப் புத்தகம். முதலில் பார்க்க வேண்டியது ஞாயிறு நற்செய்தி. முதல் ஞாயிறுக்கு மத்தேயு 24 இருந்தால் அது போன வருட இருப்பு. 2026 நவம்பர் 29 முதல் மாற்கு ஆண்டு, அதாவது மூன்று வருடச் சுழற்சியில் ஞாயிறுகளில் பெரும்பாலும் மாற்கு நற்செய்தி வாசிக்கும் ஆண்டு. நான்கு ஞாயிறுகளுக்கும் முறையே மாற்கு 13:33-37, மாற்கு 1:1-8, யோவான் 1:6-8, 19-28, லூக்கா 1:26-38 என்று பென்சிலால் திருத்திக்கொள்ளலாம். திருவருகைக்கால வாரநாள் வாசகங்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை என்பதால் மற்றப் பக்கங்கள் கெடவில்லை.

முதல் வாரச் செவ்வாய், எசாயா 11. தாவீதின் தந்தை ஈசாயின் அடிமரத்தில் தளிர் விடுவதைச் சொல்ல, ஷெல்லில் தலை போன பனை மறுபடி துளிர்ப்பதாக எழுதியிருக்கிறார்கள். வன்னியில் இதை வாசிக்கும் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரம் போயிற்று. வேம்பையோ பாலையையோ எழுதியிருக்கலாம், வெட்டிய அடியிலிருந்து அவை துளிர்க்கும்.

இதைவிடப் பெரிய குறை இரண்டாம் வாரத்தில். காத்திருப்பது இனிமையானது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்திய கிளிநொச்சியில் இந்த வரியை ஒரு தாயின் முன்னால் எப்படி வாசிப்பது? அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டு அந்த வார வாசகமான எசாயா 40ஐ மட்டும் மெதுவாக வாசித்து, இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். எசாயா ஆறுதல் சொல்கிறார், காத்திருப்பை அலங்கரிக்கவில்லை.

டிசம்பர் 17 முதல் 23 வரையான பகுதிக்காகவே இதை வாங்கலாம். ‘ஞானமே’ என்று தொடங்கி ‘இம்மானுவேலே’ என்று முடியும் கிறிஸ்துவை வரச்சொல்லும் ஏழு பழைய அழைப்புகள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிச் சிந்தனை, செய்ய ஒரு காரியம். 20ஆம் திகதி ‘தாவீதின் திறவுகோலே’ பக்கத்தில், பேச்சு நின்றுபோன ஓர் உறவுக்கு அன்றிரவே தொலைபேசி எடுக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூட ஒளிவிழாக்களும் கரோலும் முடிந்து வீடு களைத்திருக்கும் வாரத்தில் இந்த நீளம்தான் சரி.

நத்தார் இரவுக்குப் பக்கமே இல்லை. புத்தகம் 24 மாலையோடு நின்றுவிடுகிறது. நடுவில் வைக்க வெள்ளைத் திரியும் பையில் இல்லை. அதைத் தனியாக வாங்கி, 25 அன்று ஊதாத் திரிகளை எடுத்துவிட்டு, வளையத்தைப் பாலன் குடிலின் முன்னால் வைத்து லூக்கா 2:1-14 வாசிக்கலாம். மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை வீடுகளுக்கும் வளையம் உதவும், ஆனால் செபங்களில் பல கத்தோலிக்க நடைக்கு எழுதப்பட்டவை. வளையத்தை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.