செஃப்ஆட்ம்: ஏற்றுவது சுலபம், மெமரி கணக்கில்தான் வம்பு

பல சர்வர்களில் பரவி நிற்கும் செஃப் (Ceph) சேமிப்பு முறைமையை நிறுவ, 2020இல் ஆக்டோபஸ் பதிப்போடு வந்த கருவி செஃப்ஆட்ம் (cephadm). பைத்தான் 3, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, கன்டெய்னர்களை ஓட்ட பாட்மன் அல்லது டாக்கர், டிஸ்க்குகளைப் பிரித்தாள எல்விஎம், நேரத்தை ஒத்திசைக்க குரோனி, இவை இருந்தால் போதும். பூட்ஸ்ட்ராப் கட்டளை ஒன்றிலேயே மொத்த அமைப்பின் நிலையைக் கண்காணிக்கும் முதல் மானிட்டரும், நிர்வாக வேலைகளைப் பார்க்கும் மேனேஜரும் கன்டெய்னர்களாக எழுந்துவிடும். டிஸ்க்குகளைச் சேர்த்து டேட்டா ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் மெஷின் உறைவதும் ஓஎஸ்டிகள் (டிஸ்க் ஒவ்வொன்றையும் கவனிக்கும் செஃப் நிரல்கள்) ஒவ்வொன்றாகச் சாய்வதும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மெமரியை. ஓஎஸ்டி ஒன்றுக்கு செஃப்பின் இயல்பான இலக்கு 4 ஜிபி. இது இலக்குதான், உச்சவரம்பு அல்ல. ரெகவரி, அதாவது இழந்த டேட்டா பிரதிகளை மீண்டும் உருவாக்கும் வேலை, ஓடும்போது தாண்டும். செஃப்ஆட்ம் இன்னொரு படி மேலே போய், ஹோஸ்ட்டின் மொத்த ராமில் 70 சதவீதத்தை எடுத்து, டீமன்கள் எனும் மற்ற பின்னணி நிரல்களுக்குப் போக மீதியை ஓஎஸ்டிகளுக்குப் பங்கு போட்டுவிடும். செஃப்புக்கு மட்டுமே ஒதுக்கிய சர்வரில் இது அருமையான ஏற்பாடு. 64 ஜிபி மெஷினில் விர்ச்சுவல் மெஷின்களுக்கு 32 ஜிபி கொடுத்திருந்தால்? செஃப் தன் பங்காக 45 ஜிபி அளவுக்குக் கணக்குப் போட்டிருக்கும். இரண்டும் நிரம்பியதும் லினக்ஸ் கர்னல் ஏதாவதொரு நிரலைப் பலி கொடுக்கும். இப்படிக் கலந்து ஓடும் ஹோஸ்ட்டுகளில் இந்தத் தானியங்கிப் பங்கீட்டின் (ஆட்டோட்யூன்) விகிதத்தை 0.7இலிருந்து 0.2க்கு இறக்க வேண்டும், இல்லையேல் ஆட்டோட்யூனை அணைத்துவிட்டு இலக்கைக் கையால் எழுத வேண்டும். நிறுவலின்போதே இதைக் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

கண்டுபிடிக்கும் வழியில் ஒரு பொறி உண்டு. செஃப் கிராஷ் பட்டியலைத் திறந்தால் காலியாக இருக்கும். கர்னல் சிக்னல் 9 அனுப்பிக் கொன்ற டீமனுக்கு அறிக்கை எழுத அவகாசமே கிடைப்பதில்லை. ஆக, ஓஎஸ்டி செத்திருக்கிறது, பட்டியல் காலி என்றால் கர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜியில் 'அவுட் ஆஃப் மெமரி' வரியைத் தேடுங்கள்; கன்டெய்னரின் எக்சிட் கோடு 137 என்றிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பட்டியலில் பேக்டிரேஸ் (நிரல் எந்த இடத்தில் விழுந்தது என்ற தடம்) இருந்தால் அது வேறு நோய்: டிஸ்க் பிழையாகவோ செஃப்பின் பிழையாகவோ இருக்கலாம். லாக்குகள் வழக்கமான லாக் டைரக்டரியில் கிடைக்காது, சிஸ்டம்டியின் ஜர்னலில்தான் இருக்கும்.

மெமரியைச் சரிசெய்த பிறகும் ஓஎஸ்டி எழவில்லையா? உங்கள் திருத்தம் தவறென்று முடிவுகட்ட வேண்டாம். 30 நிமிடத்தில் 5 முறை தொடங்கித் தோற்றால் சிஸ்டம்டி கதவைச் சாத்திவிடும். அந்த யூனிட்டுக்கு 'ரீசெட்-ஃபெயில்டு' கொடுத்துவிட்டுத் தொடங்கினால் எழும்.

பூட்ஸ்ட்ராப்பிலேயே கன்டெய்னர் விழுந்தால் கதை வேறு. விர்ச்சுவல் மெஷினில் பழைய பொதுவான சிபியு மாடல் வைத்திருந்தால், புதிய கன்டெய்னர் இமேஜ்களில் உள்ள ஜிலிப்சி எனும் அடிப்படை நூலகம், எக்ஸ்86-64-வி2 எனும் சிபியு கட்டளைத் தொகுப்பு இல்லை என்று சொல்லி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிபியு வகையை 'ஹோஸ்ட்' என மாற்றினால் தீர்ந்தது. மானிட்டர் மட்டும் தானாக நிற்கிறதென்றால் அதன் டேட்டா இருக்கும் பார்ட்டிஷனைப் பாருங்கள். காலியிடம் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது தானே மூடிக்கொள்ளும்.

ஓஎஸ்டிகள் சாகாமல் மேலும் கீழும் ஆடினால் நெட்வொர்க்கைப் பாருங்கள். ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போட்டிருந்தால் துண்டாக்கத் தடையோடு 8972 பைட் பிங் ஒவ்வொரு ஜோடி மெஷினுக்கும் இடையே போக வேண்டும். நடுவில் ஒரு ஸ்விட்ச் போர்ட் 1500இல் நின்றாலும் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரியது மட்டும் காணாமல் போகும்.

பாராட்ட வேண்டியதும் உண்டு: டிஸ்க் அதிகமான ஹோஸ்ட்டுகளில் காலை வாரும் ஏஐஓ வரம்பை (ஒரே நேரத்தில் காத்திருக்கக்கூடிய டிஸ்க் கோரிக்கைகளுக்கான கர்னல் வரம்பு), அதன் இயல்பு 65536, செஃப்ஆட்ம் தானே 1048576 ஆக உயர்த்திவிடுகிறது.

மூன்று மெஷினும் தாராளமான ராமும் இருப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். ஒற்றை மெஷினில் பழகிப் பார்ப்பவர்கள் பூட்ஸ்ட்ராப்பில் சிங்கிள்-ஹோஸ்ட் தேர்வைச் சேர்க்க வேண்டும். அதோடு, ஓஎஸ்டி ஓடும் அதே மெஷினில் கர்னல் கிளையன்ட் வழியே மவுன்ட் செய்யாதீர்கள். மெமரி நெருக்கடியில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து மெஷினே பூட்டிக்கொள்ளும். கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடும் ஃபியூஸ் கிளையன்ட் மெதுவானது, ஆனால் இங்கே அதுதான் சரி.