அம்பாசடர் தரைத் தகட்டுக்கு பி.ஓ.ஆர்-15: எங்கே பிடிக்கும், எங்கே உரியும்

துருவின் மேலேயே அடிக்கும் பெயிண்டுகளில் பி.ஓ.ஆர்-15 தனி ரகம். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் யூரிதேன் வகைப் பெயிண்ட் இது. பழைய அம்பாசடரின் தரைத் தகட்டுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் ஓட்டையை அடைக்காது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 0.9 மி.மீ. தகடு வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும். ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் தகடு நெளியும். தள்ளித் தள்ளிப் புள்ளி வையுங்கள்.

பூச்சு உரிந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது பளபளவென்று தேய்த்த இரும்பு. இதற்குச் சொரசொரப்பு வேண்டும். உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்து, டிகிரீசரால் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) கழுவி, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் தடவி, அலசி, முழுக்க உலர்த்துங்கள். பிறகு மெல்லிய இரண்டு பூச்சு. முதல் பூச்சு விரலில் லேசாக இழுக்கும் பதத்தில் இருக்கும்போதே இரண்டாவதை அடித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் எமரித் தாள் போட்டுத் தேய்க்காமல் பிடிக்காது.

வெயிலில் நிறம் மாறும் என்பதால், ஃபெண்டரில் அடித்தால் இதன் மீது இன்னொரு பெயிண்ட் பூச்சு கட்டாயம். இந்தப் பெயிண்டிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்தின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் போதாது. டின் விளிம்பில் பெயிண்ட் பட்டால் மூடி திறக்கவே திறக்காது. பிளாஸ்டிக் தாள் வைத்து மூடுங்கள். சிறிய டின்னாக வாங்குவதே லாபம்.