பாஸ் ஆர்வி-6 ரிவர்ப் பெடல்: ஐந்து வருஷம் மிதித்த பிறகு விற்கப்போகிறீர்களா?

கிட்டார், கீபோர்டு சத்தத்துக்கு பெரிய அறையில் வாசிப்பது போன்ற எதிரொலியை (ரிவர்ப்) சேர்க்கும், காலால் மிதித்து இயக்கும் பெட்டிதான் பாஸ் ஆர்வி-6. வந்தது 2015இல். எட்டு மோடு (எட்டு வகை ரிவர்ப்), நான்கு குமிழ், ஸ்டீரியோ. எத்தனை வருஷம் மிதித்தாலும் இதன் ரிவர்ப் சத்தம் தேயாது, வேலையைச் செய்வது டிஜிட்டல் சிப். தேய்வதெல்லாம் ஸ்விட்ச், ஜாக், அடிப்பக்கம்தான். பழைய பெடலின் விலையை முடிவு செய்வதும் இந்த மூன்றுதான்.

முதலில் ஸ்விட்ச். மிதிக்கும் தகட்டுக்குக் கீழே இருப்பது சின்ன டாக்ட் ஸ்விட்ச், அதாவது அழுத்தும் பொத்தான். ஒரு மிதிக்கு எஃபெக்ட் இரண்டு முறை மாறினாலோ, அழுத்தி மிதித்தால்தான் விளக்கு எரிந்தாலோ அது போய்விட்டது என்று அர்த்தம். உதிரி சில ரூபாய்தான், சால்டரிங் தெரிந்தவர் அரை மணியில் மாற்றிவிடுவார். மாற்றாமல் விற்றால் வாங்குபவர் ஆயிரம் ரூபாயாவது குறைத்துக் கேட்பார், அதில் தப்பும் இல்லை.

அடுத்து ஜாக். ஸ்டீரியோவுக்காக ஏ, பி என்று இரண்டு அவுட்புட் ஜாக் உண்டு. பெரும்பாலானவர்கள் அவுட்புட் ஏ மட்டுமே பயன்படுத்துவதால் பி ஜாக் தொடாமலே களிம்பேறிக் கிடக்கும். பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். அப்படியும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடியுங்கள். வாங்குபவர் கீபோர்டுக்காரராக இருந்தால் ஸ்டீரியோவைத்தான் முதலில் கேட்பார். மோடு குமிழையும் எட்டு நிலையிலும் நிறுத்திப் பாருங்கள். ஷிம்மர் மோடில் மேல் ஆக்டேவ் (அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே) தெளிவாகக் கேட்க வேண்டும். டைம் குமிழைத் திருப்பும்போது ரிவர்ப் நீளம் சீராகக் கூடாமல் தாவினால் குமிழுக்குள் தூசி.

"இரைச்சல் வருது" என்ற புகாரில் பாதிக்குப் பெடல் காரணமே இல்லை. இது 95 மில்லியாம்ப் இழுக்கும். ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெடலுக்குக் கிளை பிரித்தால் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் அடாப்டரில். அந்தச் சோதனையை வீடியோவாக எடுத்து விளம்பரத்தோடு போட்டால் பாதிக் கேள்வி குறையும். 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்றும் எழுதிவிடுங்கள். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அடியில் வெல்க்ரோ ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், ரப்பர் பாயும் கூடவே கிழியும். ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி மெல்ல உரித்து, மிச்சப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பெயின்டைத் தின்றுவிடும். சீரியல் எண் ஸ்டிக்கர் பக்கம் துணியே போக வேண்டாம்.

பெட்டி, பில்லோடு கீறல் குறைவாக இருந்தால் இன்றைய புது விலையில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கலாம். பெட்டி இல்லையென்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசுவது வீண்.

கூரியரில் அனுப்பும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். குமிழ்களின் மேல் தடித்த அட்டை வைத்துச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக அடைக்க வேண்டும், அடிபட்டால் முதலில் உடைவது குமிழ்த் தண்டுதான். பணம் வரவேண்டியவர் க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்பவர் பெடல் வாங்க வந்தவரில்லை.