எஃப்எஃப்எம்பெக்: பழைய டீஇன்டர்லேஸ் ஃபில்டர்கள் இருக்கட்டும்

வீடியோவை மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் (FFmpeg), டீஇன்டர்லேஸ் வேலைக்கு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாகப் பிரிந்திருக்கும் வீடியோவை முழு ஃபிரேம்களாக்குவது) மட்டும் கெர்ன்டீஇன்ட், யாடிஃப், பிடபிள்யூடிஃப், என்என்இடிஐ எனப் பல ஃபில்டர்கள் கிடக்கின்றன. பழையவற்றை நீக்கிவிடலாமே என்று தோன்றலாம். சாய்வான விளிம்புகளில் பிடபிள்யூடிஃப் பொதுவாக யாடிஃபைவிடச் சுத்தமாக வரும். அதற்காக யாடிஃபைத் தூக்கிவிடக் கூடாது.

இரண்டுக்கும் டிஃபால்ட் வேறு. மோடு எதுவும் கொடுக்காவிட்டால் யாடிஃப் ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் தரும். பிடபிள்யூடிஃப் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் (ஃபிரேமின் பாதி வரிகள்) ஒரு ஃபிரேம் தரும். பழைய ஸ்கிரிப்டில் பெயரை மட்டும் மாற்றினால், நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோ சத்தமில்லாமல் 50 ஆகிவிடும், என்கோடு நேரமும் எகிறும். மாற்றும்போது மோடு 0 (ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம்) என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். யாடிஃபை நீக்கி, அந்தப் பெயரைப் பிடபிள்யூடிஃபுக்குத் திருப்பிவிட்டாலும் இதே சிக்கல்தான்.

என்என்இடிஐ நுணுக்கமானது, ஆனால் மெதுவானது, தனி வெயிட்ஸ் கோப்பும் (அதன் நியூரல் நெட்வொர்க்குக்கான எண்கள்) வேண்டும். கெர்ன்டீஇன்டைப் புதிய வேலைக்குத் தொட வேண்டாம்.

பெரிய குறை ஒன்று: ஃபில்டர் பட்டியல் அகரவரிசையில் பெயர்களைக் கொட்டுகிறதே தவிர, எது பழையது, அதற்குப் பதில் எது என்று சொல்வதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பது நீக்குவதைவிட எவ்வளவோ மேல். சுமை என்று நினைப்பவர்கள் கம்பைல் செய்யும்போதே டிஸேபிள் ஃபில்டர் ஆப்ஷனில் வேண்டாததை விலக்கிக்கொள்ளலாம்.