காசினோ சுயவிலக்கு: இரண்டு வருட அனுபவம்

சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் நடத்தும் இலவசச் சேவை. இங்குள்ள இரண்டு காசினோவுக்குள்ளும் நம்மை விடக்கூடாது என்று நாமே பெயர் கொடுக்கலாம்.

குடிமக்களுக்கு 24 மணி நேர நுழைவுக் கட்டணம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அது ஆளைத் தடுக்கும் என்பார்கள். எனக்கு நேர்மாறு. அந்த 150-ஐயும் எடுக்காமல் எழக்கூடாது என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். அப்புறம் 3,000 வெள்ளி வருடக் கட்டணமே கட்டிவிட்டு, இதில்தான் மிச்சம் என்று மனைவியிடம் கணக்கு வேறு காட்டினேன்! மகளின் டியூஷன் பணத்தில் கை வைத்து, விட்டதைப் பிடிக்கப் போன இரவுதான் பயம் வந்தது.

அரசாங்கத்தின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியே விண்ணப்பம். கோப்பி ஆறுவதற்குள் முடிந்தது. குறைந்தது ஒரு வருடம் போனால்தான் விலக்கை நீக்கக் கேட்க முடியும். எனக்குப் பிடித்ததே அதுதான். இரவு பதினோரு மணிக்கு மனம் மாறினாலும் பயனில்லை. நாம் அசையாவிட்டால் குடும்பத்தாரே விலக்கு ஆணை கேட்கவும் வழி இருக்கிறது.

குறை? எங்கள் அடுக்குமாடி புளோக் அடியில், 4டி எனும் நான்கு இலக்க லாட்டரி விற்கும் கடையில் ரொக்கம் நீட்டினால் எந்த விலக்கும் குறுக்கே வராது. முதல் மாதம் வாரம் மூன்று தடவை அங்கே நின்றேன். 1800-6668-668 உதவி எண்ணுக்கு அழைத்தது அதன் பிறகுதான். இப்போது ஏடிஎம் அட்டை மனைவியிடம். கோப்பிக் காசு மட்டும் கையில்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.