33ஆம் ஒழுங்கை, 11ஆம் இலக்க வீடு

தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 30 வருசம் வேலை செய்தவன் நான். இயந்திரங்களுக்காக யன்னலை அடைத்தே வைத்திருந்த கட்டிடம். அதனாலோ என்னவோ, கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு கொள்ளுப்பிட்டி வீட்டுக்குள் கால் வைத்ததும் வானத்தைத்தான் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. 1958இல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொடங்கி, 1968க்குள் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளையும் ஒன்றாக்கியிருக்கிறார். நீண்ட வெள்ளை நடை, இடைக்கிடை குட்டி முற்றங்கள், ஒவ்வொன்றிலும் மேலிருந்து இறங்கும் வெளிச்சம். நாங்கள் நிற்கும்போதே மழை பிடித்தது. வீட்டுக்குள் நின்றபடி மழையைக் கேட்பது எவ்வளவு சுகம்!

கராஜில் 1934ஆம் ஆண்டு றோல்ஸ் றொய்ஸ். மகள் மொட்டை மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். சுற்றிக் காட்டிய தம்பி அவசரப்படுத்தவேயில்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.