பெரியம்மாவுக்கு முட்டு வந்த இரவும் கொழும்பு ஆஸ்பத்திரிகளும்

வயதுபோன தாய் தகப்பனை வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். லண்டனில் இருந்து நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. கல்யாணம் நல்லபடி முடிந்தது, சாப்பாடும் திறம், அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது பெரியம்மாவின் கதை. அவவுக்கு இருதயம் பலவீனமாகி நுரையீரலுக்குள் நீர் கட்டிவிட்டது, அதற்குக் கொழும்பில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைக் கிட்ட நின்று பார்த்தேன்.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். உயிர் போகிற அவசரத்துக்குக் கொழும்பு நல்ல இடம், லண்டனைவிடக் கெதியாகவே சில காரியம் நடக்கும். ஆனால் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றால், மறுநாள் காலையிலிருந்து டொக்டரும் நீங்கள்தான், நேர்ஸ் மிஸ்ஸியும் நீங்கள்தான்.

நான் போய் இறங்கும்போதே பெரியம்மா இரவில் இருமிக்கொண்டிருந்தா. படுத்தால் இருமல், எழும்பி இருந்தால் குறைவு. ஒரு தலையணை இரண்டாகி, பிறகு மூன்றாகி, கடைசியில் கதிரையிலேயே நித்திரை. "வயசு போட்டுது பிள்ளை, சளிதான், விடு" என்பா. குடும்ப டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இழுப்புச் சத்தம் கேட்கிறது, தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்று மாஸ்க் வைத்து நெபுலைசர் பிடித்து இருமல் பாணியும் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன, இருதயத்தால் வருகிற நீரும் தொய்வு மாதிரியே விசில் அடிக்கும். ஆனால் இந்த மனுசிக்குச் சில வருடத்துக்கு முதல் மாரடைப்பு வந்தது, கணுக்காலில் சொக்ஸ் அடையாளம் பள்ளமாய்ப் பதிகிறது, படுத்தால்தான் மூச்சு முட்டு வருகிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. காசு கட்டி டொக்டரைப் பார்க்கிற ஐந்து நிமிடச் சனலிங்கில் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லையே.

ஒருநாள் நடுச்சாமம், படுத்து ஒன்றரை மணித்தியாலம் இருக்கும், அடித்துப் பிடித்து எழும்பி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஒரு வசனத்தை முடிக்க மூச்சில்லை, நெற்றி முழுக்கக் குளிர்ந்த வியர்வை. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்கப் பார்மசியில் வாங்கி வைத்திருந்த ஒக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 84 காட்டுது. மச்சான் ஆம்புலன்ஸ் நம்பர் 1990க்குப் போன் அடித்தான்.

இந்தச் சுவசெரிய ஆம்புலன்ஸைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிரக் கண்டதில்லை. 2016 ஜூலையில் இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது, பிறகு நாடு முழுக்கப் போனது. காசு ஒரு சதமும் இல்லை. போனில் தமிழில் பேசினார்கள். வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்களம், ஆனால் வேலை தெரிந்த பிள்ளைகள். எங்கள் பிளாட்டின் லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போகாது என்று கண்டவுடனே சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை எடுத்து அதிலேயே நிமிர்த்தி இருத்தி, கால் இரண்டையும் தொங்கவிட்டு, ஒட்சிசன் மாஸ்க்கைப் போட்டுக் கீழே இறக்கினார்கள். பக்கத்து வீட்டு அன்ரி "படுக்க விடுங்கோ, களைச்சுப் போனா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தா. படுக்க விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விடிந்த பிறகுதான் விளங்கியது.

பொதுவாக அவர்கள் கொண்டுபோவது கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. வெள்ளவத்தை ஆட்களுக்குக் களுபோவில இருக்கிறது, பெரியாஸ்பத்திரி என்கிற தேசிய ஆஸ்பத்திரியும் தூரமில்லை. நாங்கள் போனது எது என்று எழுதவில்லை, ஏனென்றால் வாட்டில் கட்டில் காணாமல் ஆட்கள் நிலத்தில் பாய் விரித்துக் கிடந்ததையும் எழுதத்தான் வேண்டும், அதற்கு அங்கே இரவு பகலாக ஓடுகிற பிள்ளைகள் பொறுப்பில்லை. ஆனால் வைத்தியம் என்று பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நீரைச் சலமாக வெளியேற்றுகிற ஃபுரோசமைட் ஊசி நாளத்தில், சலம் சேர குழாயோடு ஒரு பை, ஈசிஜி, எக்ஸ்ரே, இரத்தம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. விடியும்போது அந்தப் பை நிரம்பியிருந்தது, பெரியம்மா முழு வசனம் பேசினா. முதல் வசனம், தன் சங்கிலியை யார் கழற்றி வைத்தது என்பது.

காலையில் ஒரு இளம் தமிழ் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எக்ஸ்ரேப் படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினா. இருதயத்தின் நிழல் நெஞ்சு அகலத்தின் பாதியைத் தாண்டி நிற்கிறது, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் நடுவிலிருந்து வெளியே பஞ்சு படர்ந்த மாதிரி வெள்ளை. "அன்ரிக்கு வந்தது சளியில்லை, இது இரத்தத்தில இருந்து கசிஞ்ச நீர்" என்றா. நுரையீரலில் இருந்து வருகிற இரத்தத்தை வாங்கி உடம்பு முழுக்கத் தள்ளுவது இருதயத்தின் இடப்பக்கம். பழைய மாரடைப்பில் அந்தத் தசையின் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது, தள்ளுகிற பலம் குறைந்துவிட்டது. தள்ள முடியாதது பின்னால் தேங்கும். மழைக்குக் கான் அடைத்தால் தண்ணீர் வீட்டு முற்றத்துக்கு ஏறுகிறதே, அதேதான்: நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் அமுக்கம் ஏறி, நீர் கசிந்து, காற்று நிற்க வேண்டிய சிறு பைகளுக்குள் போய்விடும். படுத்தவுடன் காலிலும் வயிற்றிலும் நின்ற இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பிவரும், ஏற்கெனவே திணறுகிற இருதயத்துக்கு அது இன்னும் பாரம். அதனால்தான் இரவில் முட்டு, அதனால்தான் தலையணை கூடிக்கொண்டு போனது, அதனால்தான் அந்த ஆம்புலன்ஸ் பிள்ளைகள் நிமிர்த்தி இருத்தினார்கள்.

மச்சான் கேட்டான், ஊசி குத்தி எடுக்க ஏலாதா என்று. எல்லாரும் கேட்கிற கேள்வி. நுரையீரலைச் சுற்றி உறைக்குள் தேங்குகிற நீரை ஊசியால் எடுக்கலாம், இருதய வருத்தக்காரருக்கு அதுவும் வருவதுண்டு. நுரையீரலுக்குள்ளேயே பரவின நீரை அப்படி எடுக்க முடியாது. அதை இரத்தத்துக்குத் திருப்பி எடுத்துச் சலமாக வெளியே விடவேண்டும், அதற்குத்தான் அந்த ஃபுரோசமைட் ஊசி.

சரி, துண்டு வெட்டியாயிற்று. கையில் டயக்னோசிஸ் கார்ட், அதில் ஆங்கிலத்தில் கோழி கிளறின எழுத்து, கிளினிக் திகதி, குளிசைப் பட்டியல். அவ்வளவுதான். பெரியம்மாவுக்கு இங்கிலிசு தெரியும், ஓய்வுபெற்ற ரீச்சர், அவவாலேயே அதை வாசிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில், லண்டனில், இந்த வருத்தக்காரருக்கென்றே தனி நேர்ஸ் இருப்பா, நிறை கூடினால் அவவுக்குப் போன் அடித்துச் சொல்லலாம், குளிசையைக் கூட்டு குறை என்று அவவே சொல்லுவா. அந்த நேர்ஸைச் சந்திக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை. கொழும்பில் எங்களுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை.

பதிலுக்குக் கொழும்பில் இருப்பது சனலிங். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே பெரிய இருதய டொக்டரைப் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் பார்க்கலாம், போனில் நம்பர் எடுத்தால் அதே கிழமையே. இருதயத்தை ஸ்கேன் பண்ணுகிற எக்கோவும் அன்றைக்கே, றிப்போட்டும் அன்றைக்கே. ஒரு துடிப்புக்கு இருதயம் தன்னிடம் நிரம்பினதில் வெளியே தள்ளுகிற இரத்தம் 35 வீதம் என்று வந்தது, 50க்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் முதல்நாள் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள் எங்கள் கையில் இருக்க, திரும்ப எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். காசாளர் மேசையில் நின்று சண்டை பிடிக்காத குறை. கடைசியில் டொக்டரே "இது போதும்" என்று சொன்னதால் தப்பினோம். பழைய தாள் ஒன்றையும் எறியாமல் ஒரு பைலில் போட்டு வையுங்கள், காசாளருக்கும் டொக்டருக்கும் ஒரே கண்ணில்லை.

டொக்டர் நல்ல மனுசன், கேட்டால் சொல்லுவார், கேளாவிட்டால் சொல்லமாட்டார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். அப்போதுதான் வந்தது முக்கியமான கதை எல்லாம். தினமும் காலையில் சலம் போனபிறகு, சாப்பிட முதல், ஒரே தராசில் நிறை பார்க்க வேண்டும். மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினால் அது கொழுப்பில்லை, நீர். அப்படி வந்தால் எந்தக் குளிசையை எத்தனை நாளுக்குக் கூட்டுவது, எப்போது நேரே ஆஸ்பத்திரிக்கு வருவது என்று எழுதித் தரச் சொன்னேன், மருந்துத் துண்டின் பின்பக்கத்திலேயே எழுதித் தந்தார். அதைப் போட்டோ எடுத்து வட்ஸப் குழுவில் போட்டாயிற்று. இது அவவின் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து அவவுக்கு எழுதியது, வேறு யாரும் பார்த்துக் குளிசையைக் கூட்டப் போகாதீர்கள்.

அப்புறம் விசாரணை. நீர் ஏன் இப்போது கூடியது? பெரியம்மா வாய் திறந்தா. முழங்கால் நோவுக்குப் பார்மசியில் துண்டில்லாமல் டைக்ளோஃபெனக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறா. அந்த வகைக் குளிசை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், இருதயம் பலவீனமான ஆட்களுக்கு ஆகவே ஆகாது. சோர்வாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அன்ரி கொடுத்த ஜீவனியையும் குடித்திருக்கிறா. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புக் கரைசல் அது! சலக்குளிசையோ, மயூரபதி அம்மன் கோவிலுக்குப் போகிற நாளில் இல்லை, கல்யாண வீட்டு நாளில் இல்லை, "அங்க எங்க போய் இருக்கிறது" என்று. இதற்கு அவவைப் பேசமுடியாது. கொழும்பு மண்டபங்களில் வயதுபோன பெண் ஒருவர் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போகக்கூடிய கழிவறை எத்தனை இருக்கிறது? டொக்டர் சிரித்துவிட்டு, அந்த நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்து பின்னேரம் போடலாம், விடத்தான் கூடாது என்றார்.

உப்பு, நாளைக்கு 5 கிராமுக்கு மேலே போகக்கூடாது, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. நெத்தலிக் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், கடைப் பார்சல், நாலும் நின்றது. மாசிச் சம்பலுக்கு இன்னும் வழக்கு நடக்கிறது. செவ்விளநீரைப் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் பார்க்க வருகிற எல்லாரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் பொட்டாசியம் கூட, பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கிற ஸ்பைரோனோலாக்டோன் குளிசை எடுக்கிற ஆளுக்குத் தினமும் கொடுக்க வேண்டாம் என்றார்.

மருந்து கிளினிக்கில் இலவசம், விடியப் போய் வரிசையில் நிற்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். இல்லாததை வெளியில் வாங்கச் சொல்லி எழுதுவார்கள், அதற்கு முதலில் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலையில் கேட்டுப் பாருங்கள். இரத்தம் எடுக்க லாப் ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள், றிப்போட் போனுக்கு வந்துவிடும், இதில் கொழும்பை அடிக்க ஆளில்லை. ஒட்சிசன் மெசின் வாடகைக்கு எடுக்கச் சொல்லிச் சொந்தக்காரர் நின்றார்கள், டொக்டர் வேண்டாம் என்றார், ஒக்சிமீட்டரில் சாதாரணமாக 96 இருக்கிற ஆளுக்கு அது தேவையில்லை, நிறை பார்க்கிற தராசு போதும் என்று.

இப்போது மச்சானின் மகள்தான் பொறுப்பு. பள்ளிக்கூடம் போக முதல் பெரியம்மாவைத் தராசில் ஏற்றி நம்பரை வட்ஸப்பில் போடுகிறாள், எனக்கு அது லண்டனில் விடியமுன் வந்து விழும். போன கிழமை ஒன்றரைக் கிலோ கூடியது. யார் கருவாடு கொடுத்தது என்று குழுவில் கேட்டேன், ஒருத்தரும் பதில் போடவில்லை, பெரியம்மாவே கடைசியில் குரல் செய்தி அனுப்பினா, கருவாடில்லையாம், ரோல்ஸாம்.